அந்த ஜன்னல் ஏன் அங்கே இருக்கிறது?

மாடிப்படி ஏறும்போது யாரும் குனிந்து காலைப் பார்ப்பதில்லை. முதல் இரண்டு படிகளிலேயே கால் அந்த உயரத்தைப் பழகிக்கொள்ளும். அப்புறம் பேசிக்கொண்டே ஏறலாம், புத்தகப் பையோடு ஓடலாம். நடுவில் ஒரே ஒரு படி மட்டும் அரை அங்குலம் உயர்ந்துவிட்டால் போதும், அந்த இடத்தில் யாராவது தடுக்கிக்கொண்டே இருப்பார்கள். உங்கள் பள்ளியில் அப்படி ஒரு படி இருந்தால், அது எது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

அடுத்த முறை ஸ்கேலோடு போய் அளந்து பாருங்கள். படியின் உயரம் பெரும்பாலும் 6 அங்குலத்துக்கும் 7 அங்குலத்துக்கும் நடுவில் இருக்கும். கால் வைக்கும் அகலம் 10 முதல் 12 அங்குலம். இந்த இரண்டு அளவுக்கும் ஓர் உறவு உண்டு. பிரான்ஸில் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரான்சுவா புளொண்டேல் அதை ஒரு கணக்காகவே சொன்னார்: உயரத்தை இரண்டால் பெருக்கி அகலத்தோடு கூட்டினால், ஒரு மனிதர் நடக்கும்போது எடுத்துவைக்கும் ஓர் எட்டின் நீளம் வர வேண்டும். இன்றைக்கும் அதைச் சுமார் 24 அங்குலம் என்று வைத்துக்கொள்கிறார்கள். 6 அங்குல உயரத்துக்கு 12 அங்குல அகலம். 7 அங்குலத்துக்கு 10.

இப்போது ஒரு வீட்டில் 10 அடி உயரத்துக்கு மாடி ஏற வேண்டும் என்று வையுங்கள். 6 அங்குலப் படி என்றால் 20 முறை ஏற வேண்டும். இருபதாவது முறை கால் மாடித் தரையிலேயே பட்டுவிடும் என்பதால் 19 படிகள் போதும். ஒவ்வொன்றும் ஓரடி அகலம், ஆக 19 அடி நீள இடம் வேண்டும். 7 அங்குலத்துக்குச் சற்று மேலே போனால் 17 ஏற்றம், 16 படிகள், அகலம் 10 அங்குலம். 13 அடி 4 அங்குலத்தில் வேலை முடிந்துவிடும். ஐந்தரை அடிக்கு மேல் மிச்சம். சின்ன மனையில் அது ஒரு குளியலறைக்கான இடம். ஆனால் அந்த ஒவ்வொரு அங்குல உயர்வையும் பாட்டியின் முழங்கால் தினமும் தூக்க வேண்டும்.

இடத்தைக் குளியலறைக்குக் கொடுப்பதா, முழங்காலுக்குக் கொடுப்பதா? ஒரு செங்கல்கூட வாங்குவதற்கு முன்னால் முடிவாக வேண்டிய கேள்வி இது. ஒரு கட்டடத்துக்குள் இப்படி நூற்றுக்கணக்கான கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றை உட்கார்ந்து யோசித்து, ஒன்றின் விடை இன்னொன்றைக் கெடுக்காமல் பார்த்துக்கொண்டு, வரைபடமாக ஆக்கித் தருபவர்தான் ஆர்க்கிடெக்ட். கட்டடக் கலைஞர் என்றும் சொல்கிறோம்.

நம் ஊர்களில் வீடு கட்டுவது என்றால் பலருக்கும் நினைவு வருவது மேஸ்திரியும் இன்ஜினியரும்தான். ஆர்க்கிடெக்ட் என்பவர் பணக்கார வீட்டு விஷயம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அந்த நினைப்புக்கு ஆர்க்கிடெக்ட்டுகளும் ஓரளவு காரணம் என்பேன். பத்திரிகைகளில் அவர்கள் காட்டிக்கொள்ளும் வீடுகளைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும்.

வேலைப் பிரிவினையைச் சொல்லிவிடுகிறேன். தூணுக்கு எத்தனை கம்பி, பீமுக்கு எவ்வளவு ஆழம், அஸ்திவாரம் எத்தனை அடி என்று கணக்குப் போட்டுக் கட்டடம் நிற்கும் என்று உறுதி சொல்பவர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். ஆளும் பொருளும் கொண்டுவந்து குறித்த நாளில் முடித்துத் தருபவர் கான்ட்ராக்டர். கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர், ஆசாரி, பிளம்பர், எலக்ட்ரீஷியன் எல்லோரும் சேர்ந்து கட்டுகிறார்கள். இத்தனை பேரும் பிரித்துப் பார்த்து வேலை செய்யும் வரைபடக் கட்டுக்குப் பொறுப்பாளி ஆர்க்கிடெக்ட். இது புதிய பொறுப்பும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குஞ்சரமல்லன் என்ற இராஜராஜப் பெருந்தச்சனின், அதாவது தலைமைக் கட்டடக் கலைஞரின், பெயர் இருக்கிறது.

பொறுப்பு என்றால் அடுத்தவர் வேலையும் கொஞ்சம் புரிய வேண்டும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு ஒன்றை எடுத்து அதன் பக்கவாட்டில் பேனாவால் செங்குத்தாகக் கோடுகள் போடுங்கள். இரண்டு புத்தகங்களுக்கு நடுவில் பாலம்போல வைத்து மேலே விரலால் அழுத்துங்கள். மேல் விளிம்பில் கோடுகள் நெருங்கும், கீழ் விளிம்பில் விலகும். மேலே அமுக்கம், கீழே இழுவை. கூரைத் தளத்திலும் இதேதான் நடக்கிறது. கான்கிரீட் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். இழுவையை அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் தாங்கும். அதனால்தான் அறைக்கு மேலுள்ள தளத்தின் நடுப்பகுதியில் கம்பியை அடிப்பக்கமாக வைக்கிறார்கள். பால்கனி அப்படியில்லை. ஒரு முனை சுவரில் பிடித்திருக்க, மறுமுனை அந்தரத்தில் நிற்கிறது. ஸ்பாஞ்சின் ஒரு முனையை மேசை மேல் கையால் அழுத்திப் பிடித்து, வெளியே நீட்டியிருக்கும் பகுதியைக் கீழே தள்ளிப் பாருங்கள். இப்போது கோடுகள் மேல்பக்கம் விலகும். ஆகவே பால்கனிக்கு முக்கியக் கம்பி மேல்பக்கம் வர வேண்டும். தளம் போடும் நாளில் நாலு பேர் அந்தக் கம்பி மேல் நடந்து அதைக் கீழே மிதித்துவிட்டால், கான்கிரீட் கொட்டிய பிறகு வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. நல்ல ஆர்க்கிடெக்ட் தளம் போடும் நாளில் சைட்டில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

“எனக்கு நன்றாக வரைய வராதே” என்று பல மாணவர்கள் தயங்குகிறார்கள். மறுபக்கம், மயில் அழகாக வரைகிற பிள்ளையைப் பார்த்து “நீ ஆர்க்கிடெக்ட் ஆகலாம்” என்று பெரியவர்கள் சொல்லிவிடுகிறார்கள். கை சுத்தமாக இருப்பது உதவும்தான். ஆனால் இந்த வேலையின் அடிப்படை அளப்பதும் கவனிப்பதும். கணக்கு நோட்டில் ஒரு கட்டம் ஓரடி என்று வைத்துக்கொண்டு உங்கள் வீட்டைக் கூரையை எடுத்துவிட்டு மேலிருந்து பார்ப்பதுபோல வரையுங்கள். அதற்குத்தான் பிளான் என்று பெயர். சுவரின் கனத்தையும் காட்ட வேண்டும். ஒற்றைக் கோடாகப் போட்டால் கடைசியில் அறைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் இடிக்கும். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதைக் கால்வட்டமாகப் போடுங்கள். வரைந்து முடிக்கும்போது வீட்டில் இத்தனை நாள் கண்ணில் படாதவை வெளியே வரும். கதவு திறந்தால் அதன் பின்னால் மறைந்துகொள்ளும் சுவிட்ச் போர்டு, கட்டில் போட்டதும் பாதிதான் திறக்கும் அலமாரி, அடுப்புக்கும் ஸிங்குக்கும் நடுவில் அம்மா ஒரு நாளில் நடக்கும் தூரம். சிறிய பிளானில் பெரிய வீடு இருக்கலாம், பெரிய பிளானில் அடைசலான வீடும் இருக்கலாம்.

அடுத்து வெயில். இதில்தான் இந்தத் தொழிலின் அறிவியல் நன்றாகத் தெரியும் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

சென்னை நிலநடுக்கோட்டுக்கு 13 பாகை வடக்கே இருக்கிறது. சூரியன் ஆண்டு முழுவதும் 23.5 பாகை தெற்கிலிருந்து 23.5 பாகை வடக்குவரை போய் வருவதுபோலத் தெரிகிறது. அதனால் ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாள், ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் ஒரு நாள், நண்பகலில் சூரியன் சென்னையின் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். கம்பம் ஒன்றை நட்டால் நிழலே விழாது. இந்த இரண்டு நாட்களுக்கு நடுவில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. நண்பகலில் வடக்குச் சுவரில் வெயிலே படாது என்பது லண்டனுக்குப் பொருந்தும், நமக்குப் பொருந்தாது.

டிசம்பர் 21 அன்று நண்பகலில் சென்னையில் சூரியன் தெற்கு வானில் சுமார் 53 பாகை உயரத்தில் இருக்கும். தெற்குச் சுவரில் 4 அடி உயர ஜன்னல் ஒன்று இருக்கிறது. அதன் தலைமட்டத்தில் எத்தனை அடிக்கு சன்ஷேட் நீட்டினால் முழு ஜன்னலும் நிழலில் இருக்கும்? டேன்ஜென்ட் படிக்காதவர்கள் பாகைமானி வைத்து அளவுப்படி வரைந்தாலே விடை வந்துவிடும்: 3 அடி. அதுவும் சூரியன் மிகத் தெற்கே சாய்ந்திருக்கும் நாளில். மற்ற மாதங்களில் அதைவிடக் குறைவாக இருந்தாலே போதும்.

அதே ஜன்னலை மேற்குச் சுவரில் வையுங்கள். ஏப்ரல் மாதம், மாலை 4 மணி. சூரியன் மேற்கு வானில் ஏறக்குறைய 30 பாகை உயரத்துக்கு இறங்கியிருக்கும். இப்போது தேவைப்படும் சன்ஷேட்டின் நீளம் 7 அடி. 5 மணிக்கு அதுவும் பத்தாது. மேற்கு வெயிலைச் சன்ஷேட்டால் ஜெயிக்க முடியாது. அந்தப் பக்கம் ஜன்னலைக் குறைக்கலாம், வராந்தா வைக்கலாம், மாடிப்படியையோ குளியலறையையோ கொண்டுபோய் அங்கே தள்ளலாம், ஒரு புங்க மரம் நடலாம். ஆனால் நம் தெருவில் நடந்து பாருங்கள், வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் ஒரே இரண்டடிச் சன்ஷேட்தான். நாலு திசைக்கும் ஒரே விடை எழுதிய பரீட்சைத் தாள் அது.

இந்தக் கணக்கைத் தீவிரமாக எடுத்துக்கொண்டு கட்டிய கட்டடம் ஒன்று புதுச்சேரியில் இருக்கிறது. ஸ்ரீஅரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் என்ற தங்கும் விடுதி. 1930களின் பிற்பகுதியில் வேலை தொடங்கியது. வடிவமைத்தவர் அன்டோனின் ரேமண்ட், செக் நாட்டில் பிறந்து ஜப்பானில் பல கட்டடங்கள் கட்டியவர். அவர் சார்பில் இங்கே வந்து தங்கி வேலையைப் பார்த்தவர் ஜார்ஜ் நகாஷிமா. பின்னாளில் அமெரிக்காவில் மரச்சாமான் செய்வதில் உலகப் புகழ் பெற்றவர். இந்தியாவின் தொடக்ககாலக் கான்கிரீட் கட்டடங்களில் இது முக்கியமானது. ஆசிரமவாசிகள் பலர், கட்டட வேலையே தெரியாதவர்கள், கற்றுக்கொண்டு கூடவே உழைத்தார்கள்.

அதன் நீளப் பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. அந்தப் பக்கங்களில் வழக்கமான ஜன்னல்களுக்குப் பதிலாக, திருப்பித் திறக்கக்கூடிய கிடைமட்டப் பலகைகள் வரிசை வரிசையாக உள்ளன. சாய்த்துவைத்தால் வெயில் வராது, காற்று வரும், மழைக்கு மூடிக்கொள்ளலாம். அறைகள் எல்லாம் ஒரு பக்கமாக வரிசையில், மறு பக்கம் நடைவழி. அறைக்கும் நடைவழிக்கும் நடுவில் இடைவெளி விட்ட தேக்குச் சட்டங்களால் ஆன தள்ளு கதவுகள். ஆள் மறைந்திருக்கலாம், காற்று மறைவதில்லை. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடுகிறது. கூரையோ இரட்டைக் கூரை. தளத்துக்கு மேல் வளைந்த மெல்லிய கான்கிரீட் ஓடுகளை அடுக்கி நடுவில் காற்றுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். வெயில் மேல் ஓட்டைச் சுடும், இடையில் சூடாகும் காற்று நழுவிப்போகும், கீழ்த் தளத்துக்கு வந்து சேரும் வெப்பம் குறையும். இன்று மொட்டை மாடியில் தகர ஷெட் போடுகிற வீட்டுக்காரருக்கும் தெரிந்த இயற்பியல்தான். அங்கே அதைக் கட்டிய பிறகு யோசிக்கவில்லை, முதலிலேயே யோசித்தார்கள்.

செலவைக் குறைப்பதும் வடிவமைப்பு வேலைதான் என்பதற்கு லாரி பேக்கரைச் சொல்ல வேண்டும். 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, இந்தியாவிலேயே தங்கி, திருவனந்தபுரத்தில் 2007இல் மறைந்தவர். வீட்டுக்கான பொருள்கள் ஐந்து மைல் சுற்றுவட்டத்துக்குள் கிடைப்பவையாக இருக்க வேண்டும் என்று காந்தி தன்னிடம் சொன்னதை அவர் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். அவர் கேரளத்தில் பரப்பிய ஒரு சுவர் கட்டும் முறைக்கு எலிப்பொறிக் கட்டு என்று பெயர். அதன் கணக்கை நீங்களே போடலாம்.

செங்கல் 9 அங்குல நீளம், நாலரை அகலம், 3 கனம் என்று வைத்துக்கொள்வோம். சாந்தை இப்போதைக்கு மறந்துவிடலாம். வழக்கமாகக் கல்லைப் படுக்கையாக வைப்பார்கள். பேக்கர் முறையில் கல்லை அதன் 3 அங்குல விளிம்பில் குத்தாக நிறுத்த வேண்டும். 9 அங்குலச் சுவரின் வெளிப்பக்கம் ஒன்று, உட்பக்கம் ஒன்று, இரண்டும் நீளவாக்கில். இரண்டும் சேர்ந்து 6 அங்குலம் போக நடுவில் 3 அங்குலம் வெற்றிடம். பக்கத்தில் ஒரு கல்லைக் குறுக்காக நிறுத்தினால் அது இரண்டு பக்கத்தையும் கட்டிப்பிடித்துக்கொள்ளும். ஆக, 12 அங்குல நீளமும் நாலரை அங்குல உயரமும் உள்ள சுவர்த்துண்டுக்கு 3 கற்கள். இதே துண்டைக் கெட்டியாகக் கட்டினால் கன அளவு 12 × 4.5 × 9 = 486 கன அங்குலம்; ஒரு கல் 121.5, வகுத்தால் 4 கற்கள். நாலுக்குப் பதில் மூன்று. நூற்றுக்கு 25 பங்கு செங்கல் மிச்சம், உள்ளே அடைபட்ட காற்று வெயிலையும் தடுக்கிறது. இத்தனைக்கும் புதுப் பொருள் எதுவும் வேண்டாம், கல்லைத் திருப்பி வைத்ததுதான் மாற்றம். கொத்தனாருக்குப் பழக்கம் இல்லாவிட்டால் வேலை மெதுவாகும் என்பதையும், ஒயரிங் குழாய் எங்கே போகிறது என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

கட்டடக் கலையின் நோபல் என்று சொல்லப்படும் பிரிட்ஸ்கர் பரிசை 2018இல் பெற்றவர் பாலகிருஷ்ண தோஷி. இந்தியர் ஒருவருக்கு அது முதல்முறை. அவருடைய கட்டடங்களில் எனக்குப் பிடித்தது இந்தூரில் உள்ள ஆரண்யா என்ற குடியிருப்பு. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு முழு வீட்டைக் கட்டித் தர அங்கே பணம் போதாது. அதனால் மனை, அடித்தளம், கழிவறை, குழாய் இணைப்பு என்று தொடக்கத்தை மட்டும் கொடுத்தார்கள். மாதிரிக்குச் சில வீடுகளைக் கட்டிக் காட்டினார்கள். மீதியைக் குடும்பங்கள் கையில் காசு வரும்போது தங்கள் விருப்பப்படி கட்டிக்கொண்டன. வெளிப்படி, திண்ணை, பால்கனி, மேலே ஓர் அறை. எதை வடிவமைக்காமல் விடலாம் என்று தெரிந்துகொள்வது இந்தத் தொழிலில் மிகக் கடினமான பாடம்; ஆர்க்கிடெக்ட்டுகளில் பலர் கடைசிவரை அதைக் கற்பதில்லை. குடியிருப்பவர்களின் விருப்பத்துக்கு இடம் விட வேண்டும் என்பதை இலங்கைக் கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா இன்னும் முன்பே புரிந்துவைத்திருந்தார். கண்டிக்கு அருகே வட்டபுலுவவில் 1950களில் அவர் குடியிருப்பு ஒன்றை வடிவமைத்தபோது, குடிவரப்போகும் குடும்பங்களிடம் கேள்வித்தாள் கொடுத்து என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் வரைந்தார். 1948இல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்களின் அரச கழகத்தில் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண் அவர்.

சரி, இந்தத் தொழிலுக்கு எப்படிப் போவது? பிளஸ் டூவுக்குப் பிறகு பி.ஆர்க். என்ற ஐந்தாண்டுப் படிப்பு. ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வையுங்கள்: பிளஸ் ஒன்னில் கணிதத்தை விட்டுவிட்டால் இந்தக் கதவு ஏறக்குறைய மூடிக்கொள்ளும். நாட்டா என்ற நுழைவுத் தேர்வு இருக்கிறது. திருச்சி என்.ஐ.டி. போன்ற கல்லூரிகளுக்கும், டெல்லி, போபால், விஜயவாடாவில் உள்ள மத்திய அரசின் திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளிகளுக்கும் ஜே.இ.இ. மெயின் தேர்வில் இதற்கென்று தனித் தாள் உண்டு. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பள்ளி பழைய நிறுவனம். கோயில் கட்டும் மரபு பிடித்தவர்களுக்கு மாமல்லபுரத்தில் அரசுக் கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது. பி.ஆர்க். பட்டம் வாங்கியதும் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்ய வேண்டும். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்படிப் பதிவு செய்தவர்தான் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். தேர்வு விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், அதை அந்த நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கல்லூரியில் பாடம் பெரும்பாலும் ஸ்டூடியோவில் நடக்கும். ஒரு மனையைக் கொடுத்து நூலகம் ஒன்றை வடிவமைக்கச் சொல்வார்கள். வாரக்கணக்கில் வரைந்து, அட்டையில் மாடல் செய்து, ஜூரி என்ற நாளில் ஆசிரியர்களும் வெளியிலிருந்து வரும் ஆர்க்கிடெக்ட்டுகளும் உட்கார்ந்திருக்க அவர்கள் முன் நின்று விளக்க வேண்டும். “மழை பெய்தால் இந்த முற்றத்துத் தண்ணீர் எங்கே போகும்?” என்று ஒருவர் கேட்பார், தூக்கமில்லாமல் செய்த மாடல் மொத்தமும் அந்த ஒரு கேள்வியில் ஆட்டம் கண்டுவிடும். திட்டு வாங்கி, திரும்பப் போய், மறுபடி வரைவதுதான் அந்த ஐந்து ஆண்டுகள். தொடக்கத்தில் சம்பளம் பெரிதாக இருக்காது. கணினியில் வரையும் நேரம் மிக நீளமாக இருக்கும்.

அப்புறம், வேலைக்குச் சேர்ந்த புதிதில் வானளாவிய கட்டடத்தை யாரும் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். பல அலுவலகங்களில் முதலில் வருவது கழிவறை வரைபடம். புதியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் அதை வரையத் தொடங்கினால் தெரியும். தண்ணீர் வடிகாலை நோக்கி ஓட வேண்டும் என்றால் தரை எவ்வளவு சாய வேண்டும், டைல்ஸை வெட்டாமல் அந்தச் சாய்வு எப்படி வரும், கழிவுக் குழாய் கீழ்த்தளத்தில் யார் தலைக்கு மேல் போகிறது, கதவு உள்ளே திறந்தால் உள்ளே நிற்பவர் எங்கே ஒதுங்குவார், சக்கர நாற்காலி திரும்ப இடம் இருக்கிறதா. வெளியிலிருந்து ஒன்றரை அடி உயரத் தரைக்குச் சக்கர நாற்காலி ஏற வேண்டுமென்றால், ஓரடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்ற கணக்கில் 18 அடிச் சாய்தளம் வேண்டும். அதற்கு மனையில் இடம் ஒதுக்கினார்களா? பெண் பிள்ளைகள் படிக்கும் பள்ளி என்றால் கழிவறைக் கதவு விளையாட்டு மைதானத்தைப் பார்த்துத் திறக்கிறதா, உள்ளே பை மாட்ட ஒரு கொக்கி இருக்கிறதா, குப்பைக் கூடை எங்கே வைப்பது? கொக்கியை வரைபடத்தில் குறிக்காவிட்டால் கட்டடம் திறந்த பிறகு யாரும் அதை அடிக்கப்போவதில்லை. பையைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும்.